ஒரே புளோக்கில் எல்லோரும்: சிங்கப்பூரின் இனக் கணக்கு

சிங்கப்பூரில் கைமாறும் வீவக வீடு ஒன்றை வாங்க நினைப்பவர், அரசு நிறுவனமான வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) இணையப் பக்கத்தில் ஒரு விவரம் பார்த்தாக வேண்டும். புளோக் எண், தெருப் பெயர், கூடவே தன் இனம். இந்த மூன்றையும் கொடுத்தால், அந்த புளோக்கில் அவர் இனத்தவர் வாங்க இன்னும் இடம் இருக்கிறதா, இல்லையா என்று பதில் வந்துவிடும். விற்பவரும் இதே பக்கத்தைத்தான் பார்க்கிறார். கணக்கு மாதாமாதம் முதல் தேதி புதுப்பிக்கப்படுகிறது. இடம் இல்லை என்று வந்துவிட்டால் வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும், கையில் எவ்வளவு பணம் இருந்தாலும், வேறு புளோக்கைத் தேட வேண்டியதுதான்.

நம் ஊரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "நீங்க எந்த ஊரு? எந்த ஆளுங்க?" என்று சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டு, "ஏற்கெனவே ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டார்" என்று சொல்லி அனுப்புவார்கள். ஒதுக்கி வைப்பதற்காகக் கேட்கப்படும் கேள்வி அது. சிங்கப்பூரில் அதே கேள்வியை அரசாங்கமே பகிரங்கமாகக் கேட்கிறது, கலந்து வைப்பதற்காக. 1989 மார்ச் 1-ம் தேதி முதல் நடைமுறையில் இருக்கும் இந்த விதிக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை என்று பெயர்.

கணக்கு இதுதான். ஒரு வட்டாரத்தில் சீனர்கள் 84 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு புளோக்கில் 87. மலாய்க்காரர்களுக்கு 22, 25. இந்தியர்களையும் ஏனையோரையும் சேர்த்து முதலில் 10, 13 என்று இருந்தது. 2010-ல் 12, 15 என்று உயர்த்தினார்கள். சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் வீவக அடுக்குமாடிகளில்தான் இருக்கிறார்கள். ஆகவே இது ஏதோ ஒரு பேட்டைக்கான விதி அல்ல. ஒரு நாட்டின் பெரும்பாலான மக்களுக்கு, அடுத்த வீட்டுக்காரர் யாராக இருக்கலாம் என்பதை அரசின் விதி நிர்ணயிக்கிறது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது முற்றிலும் அந்நியமான யோசனை இல்லை. 1998-ல் திருமங்கலம் அருகே மேலக்கோட்டையில் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரத்தில் 100 வீடுகளைச் சாதிவாரியாகப் பிரித்து, அடுத்தடுத்த வீடுகளில் கலந்து குடிவைத்ததும் இதே தர்க்கம்தான். நாம் அதை மாதிரிக் கிராமமாகச் செய்து பார்த்தோம். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்பது மற்ற இடங்களில் அப்படியே தொடர்ந்தது. சிங்கப்பூர் அதை நாடு முழுமைக்கும் செய்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கைவிடாமல் செய்துகொண்டிருக்கிறது.

ஏன் செய்தது என்பதற்கு விடை 1964-ல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூலை 21, நபிகள் நாயகத்தின் பிறந்தநாள். பாடாங் திடலிலிருந்து கேலாங் நோக்கிப் போன முஸ்லிம்களின் ஊர்வலத்தில் மூண்ட கைகலப்பு, மலாய்க்காரர் – சீனர் கலவரமாக வெடித்தது. 23 பேர் செத்தார்கள். 454 பேர் காயமடைந்தார்கள். ஊரடங்கு போட்டு அடக்கினார்கள். செப்டம்பரில் மறுபடி மூண்டது. இன்னும் 13 உயிர்கள். அன்று சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலம். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று தனி நாடு. இன்று சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஜூலை 21-ஐத்தான் இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுகிறார்கள். பிள்ளைகள் ஒருவர் உடையை மற்றவர் உடுத்திக்கொண்டு வரும் அந்தக் கலகலப்பான நாள், ஒரு கலவரத்தின் ஆண்டு நினைவு.

யார் எங்கே குடியிருப்பது என்பதை அந்த ஊரில் தொடக்கத்திலேயே அரசுதான் தீர்மானித்தது. 1822-ல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸின் உத்தரவின்படி உருவான நகரத் திட்டத்தில் சீனருக்கு ஒரு கம்பம் (மலாயில் கிராமம்), சூலியர்களுக்கு ஒரு கம்பம், புகிஸ் மக்களுக்கு ஒன்று, அரபிகளுக்கு ஒன்று, ஐரோப்பியருக்குத் தனி நகரம் என்று கோடு போட்டுப் பிரித்தார்கள். சூலியர் என்றால் நம் கடற்கரை ஊர்களிலிருந்து போன வணிகர்கள். பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள். வெள்ளைக்காரன் போட்ட அந்தக் கோடு மனிதர்களின் மனதிலும் ஆழமாகப் பதிந்தது. சீனர் பகுதி, மலாய்க்காரர்களின் கேலாங் சிராய், இந்தியர்களின் சிராங்கூன் சாலை என்று ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு திசை உருவானது.

ஆனால் அந்தக் கோட்டுக்குள்ளும் மக்கள் தங்கள் போக்கில் கலந்தார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் சவுத் பிரிட்ஜ் சாலைக்குப் போய் நின்று பார்க்கலாம். சைனாடவுனின் நட்டநடுவே 1827-ல் எழுந்த மாரியம்மன் கோயில். கூப்பிடு தூரத்தில் சூலியர்கள் கட்டிய ஜாமிஆ பள்ளிவாசல். சுற்றியிருக்கும் சீனத் தெருக்களின் பெயர்கள் டெம்பிள் ஸ்ட்ரீட், மாஸ்க் ஸ்ட்ரீட், பகோடா ஸ்ட்ரீட். அந்தப் பகோடா வேறெதுவும் இல்லை, மாரியம்மன் கோயில் கோபுரம்தான். வாட்டர்லூ தெருவில் இன்னும் அருமையான காட்சி. கிருஷ்ணன் கோயிலும் குவான் யின் கோயிலும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. குவான் யினைக் கும்பிட்டுவிட்டு வரும் சீனப் பாட்டிகள், போகிற போக்கில் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் நின்று ஊதுபத்தி ஏற்றி, இரண்டு கையாலும் உயர்த்தி, மூன்று முறை குனிந்து வணங்கிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்காகவே வாசலில் ஊதுபத்திக் கலசம் வைத்திருக்கிறார்கள். எந்த அமைச்சகமும் இதற்கு விதி எழுதவில்லை.

அப்படியானால் விதி எதற்கு என்று கேட்கத் தோன்றும். மக்களை விட்டால் தானாகக் கலந்துவிடுவார்களே? வீவகவின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை.

1960-ல் உருவான வீவக, அடுத்த ஆண்டு புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியைத் தீ தின்ற பிறகு, புயல் வேகத்தில் அடுக்குமாடிகளைக் கட்டியது. கம்பங்களைக் காலி செய்து மக்களை ஏற்றிய அந்த ஆண்டுகளில் எல்லா இனத்தவரும் ஓரளவு கலந்தே குடிபோனார்கள். பிறகு வீடுகள் கைமாறத் தொடங்கின. மலாய்க் குடும்பங்கள் சொந்தபந்தம், பள்ளிவாசல், பழகிய கடை என்று பிடோக், தெம்பனிஸ் பக்கம் போயின. சீனக் குடும்பங்கள் ஹவ்காங் பக்கம் சேர்ந்தன. இதில் யாருக்கும் யார் மீதும் பகை இல்லை. அவரவர் வசதியைப் பார்த்து எடுத்த முடிவுகள்தான். ஆனால் கூட்டிப் பார்த்தால் பழைய கம்பங்கள் அடுக்குமாடி உருவத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தன. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த எஸ்.தனபாலன் அதைச் சொல்லித்தான் 1989-ல் வரம்பைக் கொண்டுவந்தார். விதி போட்டவர் ஒரு தமிழர்.

இந்த விதி எதைச் சாதித்தது என்பதை புளோக்கின் கீழ்த்தளத்தில் பார்க்கலாம். சிங்கப்பூரில் பெரும்பாலான அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் வீடு கிடையாது. தூண்களுக்கு நடுவே திறந்த வெளிதான். அங்கேதான் மலாய்க் கல்யாணம் நடக்கும். பந்தி முழுக்க பிரியாணியும் ரெண்டாங்கும் மணக்கும். இன்னொரு வாரம் அதே இடத்தில் சீனர் வீட்டுச் சாவு. சவப்பெட்டியை வைத்து, நாள்கணக்கில் இரவு முழுக்க விளக்கெரிய உறவினர்கள் கண்விழித்திருப்பார்கள். லிப்டிலிருந்து இறங்கி வேலைக்கு ஓடும் தமிழர் இரண்டையும் கடந்துதான் போக வேண்டும். அவர் பிள்ளை அதே தளத்தில் மலாய்ப் பையனோடும் சீனப் பையனோடும் பந்து உதைத்து வளர்கிறது. தீபாவளிக்கு முறுக்குத் தட்டு மேல் மாடிக்குப் போகும். சீனப் புத்தாண்டுக்கு மாண்டரின் ஆரஞ்சு வரும். பெரிய நட்பெல்லாம் இல்லாமல்கூட இருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துப் பயப்படாத ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. 1964-ல் இல்லாமல் போனது அதுதான். அன்றைய துணைப் பிரதமர் தர்மன் சண்முகரத்தினம் 2015-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஒரு கருத்தரங்கில், சிங்கப்பூரின் சமூகக் கொள்கைகளில் மிக அதிகமாக மக்கள் வாழ்க்கைக்குள் மூக்கை நுழைப்பது இதுதான் என்று ஒப்புக்கொண்டார். மிக முக்கியமானதாக அமைந்ததும் இதுதான் என்றார். இரண்டுமே உண்மை என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த வரம்புக்கு ஒரு விலை உண்டு. அதை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் மனம் கசக்கிறது.

ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே இருக்கும் சீனர் தன் வீட்டை யாருக்கும் விற்கலாம். இன்னொரு சீனருக்கு விற்றால் விகிதம் மாறப்போவதில்லை. அதே புளோக்கில் இருக்கும் தமிழர் சீனருக்கு விற்க முடியாது. விற்றால் சீனர் எண்ணிக்கை வரம்பைத் தாண்டிவிடும். ஆக, நாட்டில் வீடு வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவருக்கு வாடிக்கையாளர்களாக இல்லாமல் போகிறார்கள். மீதியிருக்கும் மலாய், இந்தியக் குடும்பங்களுக்குள் ஆள் தேட வேண்டும். வாரக்கணக்கில் முடிய வேண்டிய விற்பனை மாதக்கணக்கில் இழுக்கும். கடைசியில் விலையைக் குறைத்தால்தான் ஆள் கிடைக்கும். பக்கத்துக் கதவு, அதே அளவு, அதே மாடி. ஆனால் சீனர் வீடு ஒரு விலை, தமிழர் வீடு ஒரு விலை. சிங்கப்பூரில் பலருக்கு வாழ்நாள் சேமிப்பே அந்த வீடுதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது சில்லறை விஷயம் இல்லை.

எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி இதை நாடாளுமன்றத்தில் பலமுறை எழுப்பியது. வரம்பையே காலப்போக்கில் நீக்க வேண்டும் என்றது. சிறுபான்மையினர் சிரமப்படுகிறார்கள் என்பதை அரசும் மறுக்கவில்லை. 2022-ல் ஒரு வழி திறந்தது: நீண்ட காலம் குடியிருந்து, விற்க முயன்றும் ஆள் கிடைக்காமல் தவிக்கும் உரிமையாளரிடமிருந்து வீவகவே வீட்டை வாங்கிக்கொள்ளலாம். வரவேற்க வேண்டிய ஏற்பாடு. ஆனால் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கான ஏற்பாடு. விலையைக் குறைத்து எப்படியோ விற்றுவிட்டுப் போனவருக்கு அதில் எதுவும் இல்லை.

வரம்பு போட வேண்டுமென்றால் முதலில் மனிதர்களை வகைபிரிக்க வேண்டும். சீனர், மலாய்க்காரர், இந்தியர், ஏனையோர் என்ற நான்கு பெட்டிகள் சிங்கப்பூர்க்காரரின் அடையாள அட்டையிலிருந்து பள்ளிக்கூடம்வரை கூடவே வருகின்றன. இந்தப் பெட்டிக்குள் அடங்காத வாழ்க்கைகள் அன்றும் இருந்தன. திருவாரூரில் பிறந்து 1924-ல் சிங்கப்பூருக்குப் போய், 1935-ல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கிய கோ.சாரங்கபாணி மணந்தது, பல தலைமுறையாக மலாய் மண்ணில் வேரூன்றிய பெரனாக்கன் சீனர்களில் ஒரு பெண்ணை. தமிழர்கள் ஊர் திரும்பும் நினைப்பிலேயே இருக்காமல் குடியுரிமை எடுத்து அந்த மண்ணில் வேர்விட வேண்டும் என்று ஐம்பதுகளில் ஊர் ஊராகப் பேசியவர் அவர். தோட்டி வேலைக்கும் துறைமுக வேலைக்கும் வந்த கூலிகளின் மொழி இன்று சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக நிற்கிறது என்றால், அதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நாடாளுமன்றத்தில் தமிழில் பேசலாம். ரயில் நிலையப் பலகையில் தமிழ் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் இந்தியர்கள் 9 சதவீதம். அவ்வளவு சிறிய சமூகத்தின் மொழிக்கு இந்த இடம் தருவது, உலகத்தில் எத்தனை நாடுகளில் நடக்கும்?

ஆனால் அதே கணக்கெடுப்பில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 சதவீதம்தான். ஆங்கிலம் பேசுவோர் 48.3 சதவீதம். இனங்களை இணைத்த பொதுமொழி, ஒவ்வொரு இனத்தின் வீட்டுக்குள்ளும் புகுந்து உட்கார்ந்துகொண்டது. இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த கதி இல்லை. சீன மொழிக்காரர்களும் இதே கவலையைப் பேசுகிறார்கள். அந்த நான்கு பெட்டிகளும் கொஞ்சம் நெகிழ்ந்திருக்கின்றன: கலப்புத் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு 2011 முதல் இரண்டு இனத்தையும் சேர்த்துப் பதிவு செய்யும் வாய்ப்பு வந்திருக்கிறது. ஆனால் வீட்டு வரம்புக்கு அதில் முதலில் எழுதப்பட்ட இனத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்படி இனத்தை எண்ணும் நாட்டின் பற்றுறுதியை, அதாவது தேசிய உறுதிமொழியை, 1966-ல் எழுதியவர் சி.ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, கைக்குழந்தையாக மலாயாவுக்குப் போனவர். அவர் பிறந்த இலங்கை 1956-ல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்டு எந்த வழியில் போனது என்பது நமக்குத் தெரியும். அவர் கையால் எழுதியதோ, இனம், மொழி, மதம் எதையும் பாராத ஒரே மக்களாக இருப்போம் என்ற உறுதிமொழி. பள்ளிப் பிள்ளைகள் காலையில் நெஞ்சில் கைவைத்து அதைச் சொல்கிறார்கள். 2009-ல் நாடாளுமன்றத்தில் இந்தப் பற்றுறுதியை முன்வைத்து நியமன உறுப்பினர் விஸ்வா சதாசிவன் சமத்துவம் பற்றிப் பேசியபோது, முன்னாள் பிரதமர் லீ குவான் இயூ எழுந்து கடுமையாக மறுத்தார். மலாய்க்காரர்களின் தனி நிலையை அரசியல் சாசனத்தின் 152-வது பிரிவே ஏற்கிறது. சமத்துவம் என்பது போய்ச் சேர வேண்டிய இடம், வந்து சேர்ந்துவிட்ட இடம் அல்ல என்பது அவர் வாதம்.

நேர்மையான வாதம்தான். ஆனால் போய்ச் சேர எடுத்துவைக்கும் அடிகள் ஒரே திசையில் இருக்க வேண்டாமா? வீட்டில் கலந்து வாழக் கட்டாயப்படுத்தும் அதே அரசு, 1979-ல் தொடங்கிய சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளை இன்றும் நடத்துகிறது. சீன மொழியையும் பண்பாட்டையும் பேணும் பள்ளிகள் அவை. நல்ல பள்ளிகள், பெயர்பெற்ற பள்ளிகள். ஆனால் சீன மொழி படித்தாக வேண்டும் என்பதால் மலாய்ப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் அங்கே அபூர்வம். புளோக்கில் 87 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்லும் நாட்டில், ஒரு வகுப்பறை கிட்டத்தட்ட முழுக்க ஒரே இனமாக இருக்கலாம் என்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

அரசியலிலும் வரம்பு உண்டு. 1988 முதல், பல உறுப்பினர்களை ஓர் அணியாகத் தேர்ந்தெடுக்கும் குழுத்தொகுதிகளில் போட்டியிடும் அணியில் ஒருவராவது சிறுபான்மையினராக இருக்க வேண்டும். 2016-ல் சாசனத்தைத் திருத்தி, தொடர்ந்து ஐந்து தவணைகள் ஓர் இனத்தவர் அதிபராக வராவிட்டால் அடுத்த தேர்தலை அந்த இனத்துக்கு ஒதுக்கினார்கள். 2017-ல் மலாய்க்காரருக்கு ஒதுக்கப்பட்ட தேர்தலில் ஹலிமா யாக்கோப் போட்டியின்றி அதிபரானார். ஒதுக்கீடு இல்லாமல் சீனரல்லாதவர் ஜெயிப்பது கடினம் என்பதுதான் அதன் அடிப்படை. 2023-ல் மக்கள் அதற்குப் பதில் சொன்னார்கள். ஒதுக்கீடு இல்லாத திறந்த தேர்தலில், இரண்டு சீன வேட்பாளர்களை எதிர்த்து நின்ற தர்மன் 70.4 சதவீத வாக்குகளைப் பெற்றார். வாக்காளர்களில் பெரும்பான்மையோர் சீனர்கள். அடுத்தடுத்த கதவாக வாழ வைத்ததன் பலன் இது என்று சொன்னால், நான் மறுக்க மாட்டேன்.

அதே ஊரில்தான் வாடகை விளம்பரங்களில் இந்தியர்கள் வேண்டாம், சீனாவிலிருந்து வந்தவர்கள் வேண்டாம் என்று எழுதுவதும் நடந்தது. வாங்குவதற்கு விதி உண்டு. வாடகைக்கு விடுபவரின் மனதுக்கு விதி எழுத முடியவில்லை. 2025 ஜனவரியில் வேலையிடப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் நிறைவேறியது. வாடகை வீடு அதற்குள் வரவில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. மேலே சொன்ன 9 சதவீத இந்தியர்கள் என்ற கணக்கு, குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் எண்ணியது. 2020-ல் சிங்கப்பூரில் இருந்த ஏறத்தாழ 57 லட்சம் பேரில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் கணக்கிலேயே இல்லை. புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு விமானம் ஏறிய நம் பையன்களும், அவர்களைப் போன்ற வங்கதேசத்தவரும் அதற்குள் அடக்கம். இந்த வீவக வீடுகளைக் கட்டுகிறவர்கள் அவர்கள். ஆனால் கட்டுமான வேலை பெர்மிட்டில் இருக்கும் இந்தியரோ வங்கதேசத்தவரோ அந்த வீட்டை வாடகைக்குக்கூட எடுக்க முடியாது. ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் தங்கும் விடுதி, ஓர் அறையில் அடுக்குக் கட்டில்கள், வேலையிடத்துக்கு லாரி. குடும்பத்தைக் கூட்டிவர அனுமதி இல்லை. சிங்கப்பூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்ய மனிதவள அமைச்சின் ஒப்புதல் வேண்டும்.

2013 டிசம்பர் 8 இரவு, லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்ததும் கலவரம் மூண்டது. பல பத்தாண்டுகளாகக் கலவரத்தையே பார்த்திராத ஊர் அதிர்ந்துபோனது. அரசு அந்தப் பகுதியில் மது விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020-ல் கொரோனா வந்தபோது அந்த ஆண்டின் நோயாளிகளில் மிகப் பெரும்பகுதியினர் தங்கும் விடுதிகளில் இருந்தவர்கள். நெருக்கமாக அடைத்துவைத்த இடத்தில் வேறென்ன நடக்கும்? சிங்கப்பூர்க்காரர்கள் பலர் அப்போதுதான் அந்த விடுதிகளின் உட்புறத்தைப் படத்தில் பார்த்தார்கள். பக்கத்தில் வாழ்ந்தால் பயம் போகும் என்று முப்பது ஆண்டுகள் நம்பி நடந்த நாடு, இந்த மனிதர்கள் விஷயத்தில் மட்டும் தள்ளி வைப்பதையே வழியாகக் கொண்டது.

வீட்டு வரம்பை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடக்கும் மண்ணிலிருந்து எழுதுகிறவனுக்கு அப்படிச் சொல்ல மனம் வராது. மனிதர்களை அடுத்தடுத்துக் குடிவைக்க ஓர் அரசால் முடியும், அதனால் பலன் உண்டு என்பதற்கு உலகத்தில் இருக்கும் மிகப் பெரிய நிரூபணம் சிங்கப்பூர். ஆனால் கலந்து வாழ்வதன் பலன் எல்லோருக்கும் போகும்போது, வீடு விற்கையில் வரும் நட்டம் மட்டும் மலாய்க்காரர் தலையிலும் தமிழர் தலையிலும் விழுவது அநியாயம். வரம்பினால் விலை எவ்வளவு குறைந்ததோ அதைப் பொதுக் கருவூலம் ஈடுகட்ட வேண்டும். மாதாமாதம் இனக் கணக்கைத் துல்லியமாகப் புதுப்பிக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு இது முடியாத காரியம் இல்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் அந்த நாட்டில் உழைத்த கட்டுமான ஊழியருக்கு, ஒதுக்குப்புறத்து விடுதியை விட்டு ஒரு புளோக்கில் அறை எடுத்துத் தங்கும் உரிமையாவது தர வேண்டும். இந்த இரண்டையும் கேட்கும் பொறுப்பு முதலில் சிங்கப்பூர்த் தமிழர்களுடையது. அவர்களுக்கு அங்கே ஓட்டு இருக்கிறது, நாடாளுமன்றத்தில் மொழி இருக்கிறது, தொண்ணூறு வயதான ஒரு பத்திரிகை இருக்கிறது.